பாதியில் எழுந்தவள்

எங்கள் ஊரில் ஒரு சின்னக் கட்சி இருந்தது. அது ஒழிந்ததற்கு என் தங்கைதான் காரணம் என்று இன்றும் சிலர் பேசுகிறார்கள். நகராட்சி மன்ற நாற்காலியை விட்டு எழுந்தது தப்பு என்பவர்கள் உண்டு. திரும்பப் போய் உட்கார்ந்தது தப்பு என்பவர்களும் உண்டு. இரண்டையும் ஒரே ஆள் ஒரே டீயைக் குடித்து முடிப்பதற்குள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் எட்டாவது வரைதான் படித்தேன். நடந்ததை நடந்த வரிசையில் சொல்வதற்கு அந்தப் படிப்பு போதும்.

நாங்கள் இருவரும் நகராட்சிப் பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்தோம். நான் இருக்கை தைக்கும் அறையில். கிழிந்த ரெக்சினைப் பிரித்து, அமுங்கிப்போன பஞ்சைத் தட்டிச் சமப்படுத்தி, புது உறை தைத்துப் போடுவது என் வேலை. தங்கை வண்டி கழுவுகிறவள். மற்றவர்கள் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு இடுப்பைப் பிடிக்கும்போது இவள் கைக்கு ஒன்றாக இரண்டு வாளியோடு படியேறுவாள். அதனால் பணிமனை முழுக்க அவளுக்கு 'வாளி' என்றுதான் பேர். அவள் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. "ஓட்ட வாளின்னு சொல்லாத வரைக்கும் சரி" என்பாள்.

முதல் வண்டி கிளம்புவதற்குள் எல்லா வண்டிகளையும் கழுவி முடிக்க வேண்டும். அதனால் அந்தப் பெண்களுக்கு வேலை விடிவதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். அந்த நேரத்தில் பிள்ளையை யாரிடம் விடுவது? தூங்குகிற பிள்ளையை அப்படியே தூக்கி வந்து, கழுவி முடித்த வண்டியின் கடைசி இருக்கையில் படுக்கவைத்து, ஒரு துண்டைப் போர்த்திவிட்டு அடுத்த வண்டிக்குப் போவார்கள். மேற்பார்வையாளருக்கு இது தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வார்.

ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் வண்டிகளின் வரிசையை மாற்றிவிட்டார்கள். கடைசியாகப் போகவேண்டிய வண்டி முதலில் கிளம்பியது. பின்னிருக்கையில் ஒரு குட்டிப்பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். ஓட்டிப்போனவருக்கு எங்கள் பணிமனையிலேயே பெரிய குரல். பேசினால் சுவரில் அடித்த ஆணி ஆடும். அதனால் அவருக்கு 'ஹாரன்' என்று பேர். ஊரின் மறுகோடியில் திரும்பிப் பார்த்தபோதுதான் பிள்ளையைக் கண்டிருக்கிறார். நிறுத்தத்தில் காத்திருந்த சனங்கள் கத்தக் கத்த, காலி வண்டியை நேரே பணிமனைக்குத் திருப்பினார். பிள்ளையைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு இறங்கி வந்தார். அன்று அவர் நல்ல மனுஷன்தான். அதை நான் மறைக்கப்போவதில்லை.

அன்று சாயங்காலமே அந்தப் பிள்ளையின் தாயை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். வரிசையை மாற்றிய அதிகாரியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் என் தங்கை பணிமனை வாசலில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"என்னம்மா இது, நாடகமா?" என்றார் மேற்பார்வையாளர்.

"நாடகம் இல்ல சார். உக்கார இடமில்ல. நீங்க சேர் போட்டா அதுல உக்காந்துக்கிறேன்."

ஒவ்வொருத்தியாக வந்து வாளியைக் கவிழ்த்தாள். வண்டிகள் அழுக்காகவே ஓடின. பள்ளிப் பிள்ளைகள் கண்ணாடித் தூசியில் விரலால் படம் போட்டார்கள். பெரிய கட்சியைச் சேர்ந்த தொழிற்சங்கத் தலைவர் காரில் வந்து இறங்கினார்.

"இது சம்பளப் பிரச்சினை இல்லையேம்மா. வீட்டுப் பிரச்சினை. சங்கம் இதுல எப்படித் தலையிடும்?"

"சங்கத்துல யாருக்கும் வீடே இல்லையாண்ணே?" என்று கேட்டாள் தங்கை. அவர் ஏறிப் போய்விட்டார்.

கடைசியில் அந்தத் தாய்க்கு வேலை திரும்பக் கிடைத்தது. கூடவே, பிள்ளைகளை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று ஒரு பலகையும் வந்தது. பெண்கள் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்கு வரத் தொடங்கினார்கள். வண்டி கழுவும்போதெல்லாம் அவர்களுக்கு நெஞ்சு வீட்டில்தான் இருந்தது. விடிவதற்கு முன்பே திறக்கிற ஒரு பிள்ளைகள் காப்பகம் வேண்டும். நகராட்சி நினைத்தால் செய்யலாம். நகராட்சியோ நினைக்காது. நினைக்கவைப்பதற்காகத்தான் கட்சி தொடங்கினார்கள்.

கடைவீதி மருந்துக்கடைக்கு மாடியில் ஓர் அறை, அதுதான் கட்சி அலுவலகம். கடைக்காரர் ஓய்வுபெறும் வயதைத் தாண்டியவர், பழைய இடதுசாரி, மூன்று கட்சிகளில் இருந்து மூன்றிலும் சண்டை போட்டு வெளியே வந்தவர். அவர்தான் செயலாளர். முதல் கூட்டத்திலேயே இரண்டு விதிகளைக் கொண்டுவந்தார். ஒன்று, பெரிய முடிவு எதுவானாலும் உறுப்பினர் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். இன்னொன்று, மன்றத்துக்குப் போகிறவர் பதவிக்காலத்தில் பாதி முடிந்ததும் எழுந்து, பட்டியலில் அடுத்திருப்பவருக்கு இடம் தரவேண்டும். எங்கள் நகராட்சியில் கட்சிப் பட்டியலுக்குத்தான் ஓட்டு. ஒருவர் விலகினால் பட்டியலில் அடுத்த ஆள் உட்காரலாம்.

"நாற்காலியில ரொம்ப நாள் உக்காந்தா மனுஷன் அதோட ஒட்டிக்குவான். நான் பாத்திருக்கேன்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

அந்த விதிக்கு முதலில் கை தூக்கியவள் என் தங்கை. வேட்பாளர் பட்டியல் போட்டபோது, கட்சியில் சேர்ந்திருந்த ஹாரன் தன்னை ஐந்தாவதாகப் போட்டுக்கொண்டார். "பிரச்சினை அவங்களோடது. பொம்பளைங்க முன்னாடி போகட்டும், நான் பின்னாடி நின்னு சத்தம் போடுறேன்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கும் அது பெருந்தன்மையாகத்தான் பட்டது.

தேர்தல் வந்தபோது இவர்களுக்குப் பெரிய கட்சிக்காரர்கள் வைத்த பேர் 'தூங்குமூஞ்சிக் கட்சி'. மேடை போட்டுச் சிரித்தார்கள். பிள்ளைகளைத் தூங்கவைக்க ஒரு கட்சியா, தாலாட்டுப் பாட எப்போது வருவார்கள் என்று கேட்டார்கள். தங்கை வீட்டுக்காரர் குளிர்கிடங்கில் இராத்திரி மூட்டை இறக்குகிறவர். அவர்கூட, "அக்கா, உங்க தங்கச்சி ஜெயிச்சா நான் பகல்ல தூங்குறதுக்கும் ஒரு சட்டம் போடச் சொல்லுங்க" என்பார். சொல்லிவிட்டுச் சுவரொட்டிக்குப் பசை காய்ச்ச உட்கார்ந்துவிடுவார்.

சிரித்தவர்கள் எண்ண மறந்தது ஒன்று. விடியுமுன் வேலைக்குப் போகிறவர்கள் பணிமனையில் மட்டும் இல்லை. தெருக் கூட்டுகிறவர்கள், மருத்துவமனையில் தரை துடைக்கிறவர்கள், ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவர்கள், சந்தையில் காய் இறக்குகிறவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். என் தங்கை அவர்கள் வேலைக்குப் போகிற நேரத்திலேயே போய் அவர்களைப் பார்த்தாள். கட்சிக்கு நான்கு இடம் கிடைத்தது. இருபத்தோரு பேர் மன்றத்தில் மேயர் கட்சிக்குப் பத்து, எதிர்க்கட்சிக்கு ஏழு. நான்கு பேர் கை தூக்காமல் மேயர் மேயராக முடியாது. காப்பகத்தைத் திறந்தால் கை தூக்குகிறோம் என்றார்கள். திறந்தார்.

பணிமனைக்குப் பின்னால் பழைய டிக்கெட் கிடங்கு ஒன்று இருந்தது. சுவரில் சுண்ணாம்பு அடித்து, தரையில் மரப்பலகை பரப்பினார்கள். பேருந்து ரெக்சினில் மிஞ்சிய துண்டுகளை வைத்து மெத்தைகளை நான்தான் தைத்தேன். ஒன்றுகூடத் தையல் பிரியவில்லை. இரண்டு ஆயாக்கள், ஒரு பால் அடுப்பு, கை கழுவ உயரம் குறைந்த குழாய். பெண்கள் தூங்குகிற பிள்ளையைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய், விழித்த பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். இதற்குத்தான் இவ்வளவு போராட்டம். வேறு எந்த அரண்மனையையும் யாரும் கேட்கவில்லை.

தங்கை வண்டி கழுவுவதை விடவில்லை. கழுவிவிட்டுச் சேலை மாற்றி மன்றத்துக்குப் போவாள். முதல் நாளே மேயர் கட்சி உறுப்பினர் ஒருவர் அவளிடம் காலிக் கோப்பையை நீட்டி, "இன்னொரு டீம்மா" என்றார்.

"சார், நானும் உங்கள மாதிரி ஓட்டு வாங்கி வந்தவ. டீ வேணும்னா ரெண்டு பேரும் சேர்ந்து போய்க் குடிக்கலாம், நீங்க வாங்கிக் குடுங்க."

அவர் வாங்கிக்கொடுத்தார். இதை அவளே வந்து நடித்துக் காட்டியபோது வீட்டில் எல்லோருக்கும் புரையேறியது. மன்றத்தில் அவள் பேசுவதைக் கேட்கப் பார்வையாளர் மாடத்தில் போய் உட்கார்வேன். குரல் நடுங்காது. கேட்டதையே திரும்பக் கேட்பாள், பதில் வருகிற வரைக்கும். என் தங்கை அவள் என்று பக்கத்தில் இருப்பவரிடம் நானாகவே சொல்வேன்.

பாதிக்காலம் நெருங்கியபோது மேயர் தன் வேலையைத் தொடங்கினார். காப்பகத்தைத் தனியார் நிறுவனம் ஒன்றிடம் கொடுக்கத் தீர்மானம் வந்தது. காலை எட்டு மணிக்குத்தான் திறப்பார்களாம். எட்டு மணிக்கு எங்கள் பெண்கள் வேலை முடிந்து வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருப்பார்கள். நான்கு பேரும் எதிர்க்கட்சியோடு சேர்ந்து எதிர்த்தால் பதினொன்றுக்குப் பத்து. தீர்மானம் தோற்கும், காப்பகம் பிழைக்கும். ஆனால் ஓட்டெடுப்பு நடக்கும் மாதத்துக்கு முந்தின மாதமே தங்கையின் பாதிக்காலம் முடிகிறது. மற்ற மூவரில் யாரும் அப்போது எழவேண்டியதில்லை. நான்கு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தால் பழகின ஆளே மிஞ்சாது என்று, பாதிக்காலத்திலிருந்து ஒருவர் பின் ஒருவராக மாறுவது என்று ஏற்பாடு, முதல் முறை தங்கையுடையது. அவள் எழுந்தால் உட்காரவேண்டியவர் ஹாரன்.

ஹாரன் அப்போது வண்டி ஓட்டவில்லை. நகராட்சி அவரைப் போக்குவரத்து ஆய்வாளராக்கி மேசை கொடுத்திருந்தது. மேயரின் காரில் முன்னிருக்கையில் அவர் போவதை நான் கண்ணால் பார்த்தேன். மாடியில் கூட்டம் நடந்தபோது உறுப்பினர் இல்லாத நானும் போனேன்.

"ஒரு மாசம் தள்ளி எந்திரிச்சா என்னங்க? வானமா இடிஞ்சு விழுந்துடும்?" என்று கேட்டேன்.

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னைக்கு ஒரு மாசம்னு ஆரம்பிச்சா நாளைக்கு ஒரு வருஷம்னு முடியும். எல்லாக் கட்சியும் இப்படித்தாம்மா கெட்டுப்போச்சு. விதி விதிதான்."

"இவர் மேயர் கார்ல போறத நான் பாத்தேன்."

ஹாரன் சிரிக்கவில்லை. எப்போதும் ஊரே கேட்கப் பேசுகிற மனுஷன் அன்று மெதுவாகப் பேசினார். "அக்கா, அந்தப் பிள்ளையத் தோள்ல தூக்கிட்டு வந்தவன் நான். என்னப் போய் சந்தேகப்படுறீங்களா?"

அந்த ஒரு வார்த்தையில் அறையே அவர் பக்கம் சாய்ந்தது. ஒருவர் என்னைப் பார்த்து, உறுப்பினர் அல்லாதவர்கள் பேசக் கூடாது என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அன்று தங்கை என் வீட்டுக்கு வந்தாள். நான் அவளுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

"எந்திரிக்காதடி" என்றேன். "எழுதின நாலு வரிக்காக அத்தன பிள்ளைங்களையும் தெருவுல விடப்போறியா?"

"அக்கா, அந்த விதிக்கு மொதல்ல கை தூக்கினது நான். எனக்கு வரும்போது மட்டும் வேணாம்னா என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு மத்தவங்கள எந்திரிக்கச் சொல்றது?"

"உன் மூஞ்சி பெருசா, அவங்க பிள்ளை பெருசா?"

அவள் தானே போய்ப் பானையிலிருந்து தண்ணீர் எடுத்துக் குடித்தாள். பிறகு, "அவரு அப்படிச் செய்ய மாட்டாருக்கா" என்றாள். அவளுக்குள்ளும் சந்தேகம் இருந்தது. அதை வெளியே சொன்னால் கட்சியே இல்லை என்று பயந்தாள். நல்லவர்கள் செய்கிற தப்பு எப்போதும் இப்படித்தான் இருக்கிறது. கெட்டவன் கூடச் செய்யத் துணியாத ஒன்றை நல்ல பேருக்குப் பங்கம் வரக் கூடாது என்று செய்துவிடுவார்கள்.

அவள் எழுந்தாள். ஹாரன் உட்கார்ந்தார். மாலை போட்டுப் படம் எடுத்தார்கள்.

ஓட்டெடுப்பு நாளில் மாடம் நிரம்பியிருந்தது. கழுவுகிற பெண்கள் வேலை முடிந்த ஈரச் சேலையோடு வந்திருந்தார்கள். தீர்மானத்தைப் படித்து முடித்தார்கள். மேயர், "கை தூக்கலாம்" என்று சொல்லப்போகும் நேரம் ஹாரனின் போன் அடித்தது. எழுந்தார். போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் 'வந்துடுறேன்' என்று சைகை காட்டிக்கொண்டு கதவுக்கு வெளியே போனார். எங்கள் மாடத்துச் சன்னலுக்கு நேர் கீழேதான் அந்தக் கதவு. அவர் போனில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வெறுமனே காதில் வைத்துக்கொண்டு நின்றார்.

பத்துக்குப் பத்து. சரிசமமானால் மேயர் சொல்வதுதான் முடிவு. மேயர் சொன்னார்.

வெளியே படிக்கட்டில் தங்கை அவரை மறித்தாள். நான் பின்னாலேயே நின்றேன்.

"யாருண்ணே போன்ல?"

"வீட்டுலேர்ந்து. அவசரம்."

"என்ன அவசரம்?"

"வாளி, நீ புரிஞ்சுக்கணும். எதிர்த்து ஓட்டுப் போட்டா நாளைக்கு மேயர் நமக்கு ஒண்ணுமே செய்ய மாட்டாரு. நான் உள்ள இருந்தாத்தான் நாலு காரியம் நடக்கும். எட்டு மணிக்கு தொறக்கிறாங்க, அப்புறம் பேசி ஆறாக்கலாம், அஞ்சாக்கலாம்."

"வீட்டுல என்ன அவசரம்னு கேட்டேன்."

அவர் படி இறங்கினார். அவள் திரும்பக் கேட்டாள். தெருமுனை வரைக்கும் கூடவே நடந்து அதையே கேட்டாள். அழவில்லை, கத்தவில்லை. அவர் ஆட்டோ பிடித்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு வாய் கசக்கிறது. அவரைக் கட்சியைவிட்டு நீக்கக் கூட்டம் போட்டார்கள். பெரிய முடிவு, அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். அத்தனை பேரில் ஹாரனும் ஒருவர். கூட்டத்துக்கு ஒழுங்காக வந்து உட்கார்ந்து, "எனக்குச் சம்மதமில்ல" என்றார். அவ்வளவுதான், நீக்க முடியவில்லை. மருந்துக்கடைக்காரர் முகம் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். தான் கட்டிய வீட்டுக்குள் தானே சாவியை வைத்துப் பூட்டிய ஆளைப்போல இருந்தார். யாராவது அந்த விதியைத் தூக்கிக் குப்பையில் போட்டிருக்கலாம். ஆனால் அதைத் தூக்கிப்போடவும் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டுமே.

வெறுத்துப்போய் ஒவ்வொருவராகக் கூட்டத்துக்கு வராமல் நின்றுகொண்டார்கள். மன்றத்தில் மீதியிருந்த மூவரில் ஒருத்தி எதிர்க்கட்சிக்குப் போனாள். மற்ற இருவர் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிப் பேச்சுவார்த்தையே விட்டார்கள். ஹாரன் அந்த இடத்தைவிட்டு எழவில்லை. எழுந்திருக்கச் சொல்ல ஆளும் இல்லை. கடைசியில் மேயர் கட்சியில் சேர்ந்தார். அடுத்த தேர்தலை அறிவித்தபோது அந்தக் கட்சிப் பட்டியலில் இரண்டாவதாக இருந்தார். மாடியறையில் இப்போது தட்டச்சுப் பயிற்சி நடக்கிறது. காப்பகத்தில் எட்டு மணிக்கு அலுவலகக்காரர்களின் பிள்ளைகள் வருகிறார்கள். நான் தைத்த மெத்தைகளை வாசலில் போட்டு மழையில் நனையவிட்டார்கள். அந்தக் குட்டிப்பெண்ணின் தாய் வேலையை விட்டுவிட்டாள். வேறு பலரும் விட்டார்கள். அந்த இடத்துக்கு ஒப்பந்த ஆட்கள் வந்தார்கள்.

அந்தத் தேர்தலுக்குத்தான் தங்கை, தன் ஒரு பேரை மட்டும் போட்ட பட்டியலோடு தனியாக நிற்கப்போவதாகச் சொன்னாள். முன்மொழிய ஒருவர் கையெழுத்து வேண்டும். மருந்துக்கடைக்காரரிடம் போனோம்.

"நீ ஒரு தடவ இருந்துட்டம்மா" என்றார். "மத்தவங்களுக்கு வாய்ப்பு வர்ற வரைக்கும் திரும்ப நிக்கக் கூடாது, அதுக்குத்தானே பாதியில எந்திரிக்கிற விதி."

"கட்சியே இல்லையே ஐயா."

"நான் இருக்கேனே."

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கண்ணாடி அலமாரியையே உடைத்திருப்பேன். "நீங்க மட்டும் இருந்து என்ன பண்றீங்க? உங்க விதி ஒரு திருடனக் காப்பாத்துச்சு. ஒரு நேர்மையானவள வீட்டுக்கு அனுப்புச்சு. வேற எதுக்காவது அது உதவிச்சான்னு சொல்லுங்க பாப்போம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தங்கைதான் என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். "அவரத் திட்டாதக்கா. அவரு நம்மள விக்கல" என்றாள். முன்மொழிந்து நான் கையெழுத்துப் போட்டேன்.

தூங்குமூஞ்சி என்று சிரிக்க இந்த முறை யாரும் வரவில்லை. அதற்குப் பதிலாக, "பதவி ஆசை புடிச்சவ, ஒருதடவ ருசி பாத்தவ விடுவாளா" என்று பேசினார்கள். பழைய கட்சிக்காரர்களே பேசினார்கள். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. எனக்குத் தெரிந்த வார்த்தைகளில் திருப்பிக் கொடுத்தேன். அவள் ஜெயித்தாள். ஒரே ஒருத்தியாக. ஹாரனும் ஜெயித்தார், துணைமேயரானார்.

ஒரு ஓட்டை வைத்துக்கொண்டு எந்தத் தீர்மானத்தையும் கொண்டுவர முடியாது. ஆனால் உறுப்பினர் ஒவ்வொருவரும் மன்றம் கூடும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்கலாம். காப்பகம் துணைமேயரின் பொறுப்பில் வருகிறது. அவர்தான் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும். தங்கை ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரே கேள்வியைக் கேட்கிறாள். போன கூட்டத்தில் மேயருக்கே பொறுமை போயிற்று.

"அம்மா, இதுக்குத்தான் பதில் சொல்லியாச்சே. வேற கேள்வியே இல்லையா உங்ககிட்ட?"

"இதுக்குப் பதில் வரட்டும் சார், அடுத்தத கேக்கிறேன்" என்றாள். பிறகு ஹாரன் பக்கம் திரும்பினாள். "துணைமேயர் அவர்களே, காப்பகத்த விடியறதுக்கு முன்னாடி எப்போ தொறப்பீங்க?"

அவர் எழுந்தார். பெரிய குரல்காரர், மைக் முன்னால் நின்றும் மாடத்தில் இருந்த எனக்குக் கேட்கவில்லை.

"கேக்கலங்க" என்றாள் என் தங்கை. "திரும்பச் சொல்லுங்க."